பெல்ட்டை எதில் மாட்டுவது?

"அண்ணே, பெல்ட்டை எதுல மாட்டுறது?"

ஜேசிபியின் முன் பக்கெட்டுக்குள் நின்றுகொண்டு, இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வேலை பார்த்த பையன் கேட்டான். கஜா புயல் அடித்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது, விழுந்த மரங்களை அறுக்கப் போயிருந்தோம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர். நான் கீழே நின்று, யோசிக்காமல், "மரத்துல மாட்டுடா" என்றேன்.

அவன் மரத்தைப் பார்த்தான். அப்புறம் வேர்ப்பக்கம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பக்கெட் மேலே ஏறியது.

யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, கூலியும் வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக என்னை விடவில்லை.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பே புயல் கரையேறிவிட்டது. நாங்கள் திருச்சியிலிருந்து ஒரு குட்டியானையில் மூன்று பவர் சா, இரண்டு சுருள் கயிறு, அரப்பெட்டியோடு போய் இறங்கினோம். முதல் நாலு நாள் முழுக்கத் தென்னைதான். தென்னை நார் பவர் சாவின் செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மண் அப்பிய அடிமரம் என்றால் கேட்கவே வேண்டாம், அறுக்கிற நேரத்துக்குச் சமமாக அரம் போட வேண்டியிருந்தது. அந்த அலுப்பும் தூக்கமின்மையும் சேர்ந்துதான் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

அன்றைக்கு அறுக்க வேண்டியிருந்தது ஒரு தூங்குமூஞ்சி மரம். பாதி வேர் பிடுங்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. அதன் பெரிய கிளை ஒன்று ஓட்டு வீட்டின் முகட்டில் படுத்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். காலையும் மாலையும் வந்து, "இன்னைக்கு ஆயிருமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். கிரேன் கேட்டால், எல்லாம் மின்கம்பம் நட ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்றார்கள். தெருமுனையில் ஒரு ஜேசிபி நின்றது.

ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். பக்கெட்டில் ஆள் நிற்கிற படம், அதன்மேல் சிவப்புக் கோடு. "பத்தடிதான்ணே. ஊரெல்லாம் ஏத்துறாங்க" என்றேன். அவர் பாட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். என் பேச்சுக்காக ஏறினாரா, அந்தப் பாட்டிக்காக ஏறினாரா, தெரியாது. பாட்டிக்காகத்தான் என்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த வண்டியின் முன் பக்கெட்டுக்கு ஒரே லீவர்தான். முன்னும் பின்னும் தள்ளினால் பக்கெட் ஏறி இறங்கும். அதே லீவர் பக்கவாட்டில் போனால் பக்கெட் கவிழும். மண் அள்ளுகிறவருக்கு அது வசதி. உள்ளே ஆள் நிற்கும்போது, ஓட்டுநருக்கு ஒரு தும்மல் வந்தால் போதும். ஹைட்ராலிக் ஓஸ் வெடித்தால் தூக்கிய கை அப்படியே கீழே வரும்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். பெல்ட்டைப் பக்கெட்டில் மாட்டினால், பக்கெட் போகிற இடத்துக்கு அவனும் போவான். கவிழ்ந்தால் இடுப்பில் மடங்கித் தொங்குவான். மரத்தில் மாட்டினால், பக்கெட் இறங்கினாலும் மரம் பிடித்துக்கொள்ளும். உறுதியாக நிற்கிற மரமென்றால். பாதி பிடுங்கிய மரத்துக்கு வேறு குணம் உண்டு. கிளைப் பாரத்தை அறுத்து இறக்க இறக்க, மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தட்டு பழைய குழியிலேயே போய் உட்காரப் பார்க்கும். தண்டு நிமிரும். அதில் கட்டிக்கொண்டவனையும் சேர்த்து இழுக்கும். இது எனக்குத் தெரியும். அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதனால்தான் அவன் வேர்ப்பக்கம் பார்த்தான்.

எதிலும் மாட்ட முடியாது என்றால் அங்கே ஆள் நிற்கக் கூடாது. அவன் கேள்வியிலேயே அது இருந்தது. எனக்கு அது அன்றைக்கு, ஏதோ பதில் சொல்லி முடிக்க வேண்டிய கேள்வியாகத்தான் பட்டது.

அறுப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. கிளையின் ஒரு முனை மரத்தில், மறு முனை கூரையில். நடுவில் மேல்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுவை. மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து வாங்கினான். மாற்றிச் செய்திருந்தால் மரம் வாளைக் கடித்துக்கொண்டிருக்கும். ஓடு நாலைந்துதான் உடைந்தது. கிளை விட்ட நொடியில் மரம் முனகியது. தண்டு ஒரு சாண் நிமிர்ந்தது. பக்கெட் ஆடியது. அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் இடுப்பிலிருந்து தொங்கிய கொக்கி பக்கெட் இரும்பில் டங் டங்கென்று இரண்டு தடவை இடித்தது. அப்போதுதான் தெரிந்தது, அவன் எதிலும் மாட்டவில்லை.

நாங்கள் செய்யாவிட்டால் வீட்டுக்காரர்களே மூங்கில் ஏணியும் அரிவாளுமாக ஏறியிருப்பார்கள். அடுத்த தெருவில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இதை எனக்கு நானே நிறைய தடவை சொல்லிக்கொண்டாயிற்று. வேறு வழி இல்லாமலும் இல்லை. கிளையில் கயிறு வீசி, தூரத்தில் டிராக்டர் நிறுத்தி இழுத்திருக்கலாம். ஒரு பக்கக் கூரை போயிருக்கும், கிளைக்குக் கீழே ஆள் யாரும் வந்திருக்க மாட்டார்கள். கிரேனுக்கு இரண்டு நாள் காத்திருக்கலாம். காத்திருக்காததற்குப் பாட்டியைக் காரணம் சொல்கிறேன். ஆனால் மொத்தமாகப் பேசிய கூலி அது. அடுத்த வீட்டு வேலையும் ஒப்புக்கொண்டாயிற்று. இரண்டு நாள் நின்றால் நாலு பேர் சாப்பாடும் டீசலும் என் கையிலிருந்து போகும். இதை எழுதும்போதுதான் இந்த வரிசையில் யோசிக்கிறேன்.

ஊர் திரும்பியதும் இடுப்பு பெல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட முழு உடல் பெல்ட் வாங்கினேன். சாலையோர வேலை என்றால் பூம் லிஃப்ட், அதாவது ஆளைக் கூடையில் நிறுத்தித் தூக்குகிற வண்டி, வாடகைக்கு எடுக்கிறேன். அதன் கூடைக்குள் கொக்கி மாட்டவென்றே வளையம் இருக்கிறது. வாடகை பாதி லாபத்தைத் தின்கிறது, பரவாயில்லை.

சரி, இதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு சந்து. பூம் லிஃப்ட் உள்ளே வராது. ஒரு ஜேசிபி நின்றது. பையன்கள் யாரையும் ஏற்றவில்லை, நானே ஏறினேன். வேம்பு, அசையாமல் நின்ற மரம், அதில் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். இது வேறு கணக்கு என்று சொல்லிக்கொண்டேன். வண்டி பின்னால் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இறங்கின பிறகுதான் நினைத்தேன்.

அந்தப் பையன் இப்போது திருப்பூர்ப் பக்கம் சொந்தமாக ஆள் வைத்து இதே வேலை செய்கிறான். பொங்கலுக்குப் பேசினான். பேச்சோடு பேச்சாக, "அந்த ஓட்டு வீட்டு மரம் ஞாபகம் இருக்காடா? பெல்ட்டு மாட்டாம அறுத்தியே" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லண்ணே, மாட்டித்தான் அறுத்தேன். நீங்கதான மரத்துல மாட்டச் சொன்னீங்க."

கொக்கி இரும்பில் இடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவன் உண்மையாகவே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறானா, எனக்காகச் சொன்னானா என்று கேட்க வாய் வரவில்லை. "உன் பசங்களுக்கு எதுல மாட்டச் சொல்றே?" என்று கேட்டேன். லைனில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. "வேலை வந்திருச்சுண்ணே, அப்புறம் கூப்பிடுறேன்" என்றான்.