பால்மரத் தூளில் விளையும் காளான்

நான் மேற்பார்வையாளராகப் பணியாற்றும் சிப்பிக் காளான் பண்ணை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் புக்கிட் மெர்தாஜாம் நகரை ஒட்டி இருக்கிறது. மறுநடவுக்காக வெட்டப்படும் முதிர்ந்த பால்மரங்களின், அதாவது ரப்பர் மரங்களின், அறுப்புத் தூளில்தான் இங்கே காளான் விளைகிறது. எங்கள் பெற்றோர் பால் வெட்டிப் பிழைத்த மரம், பால் வற்றிய பின்னும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை நினைக்கையில் மனம் நெகிழ்கிறது.

நூறு கிலோ தூளுக்குப் பத்துக் கிலோ தவிடும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்து, நீர் தெளித்துக் கலக்குகிறோம். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பைகளில் இறுக்கி அடைத்து, கழுத்து வளையம் மாட்டி, ஏறத்தாழ 100 டிகிரி நீராவியில் பல மணி நேரம் வேக வைக்கிறோம். வேக்காடு குறைந்தால் பச்சைப் பூஞ்சணம் சில நாள்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தவிடு காளானுக்கு ஊட்டம் தருவதுபோலவே அதற்கும் தருகிறது என்பதால், விளைச்சல் பெருகும் என்று தவிட்டை அள்ளிக் கொட்டுவதை நான் ஏற்பதில்லை.

ஆறிய பைகளில் காளான் வித்தை இடும் அறையில், பூஞ்சணம் காற்றில் பரவாதிருக்க மின்விசிறி ஓடாது. பிறகு காளானின் வெண்ணிற இழைகள் பையின் அடிவரை இறங்க ஒரு மாதத்திற்கு மேலாகும். புரட்டாசி விரதமும் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்து, பினாங்கில் சைவ உணவுக்குத் தேவை கூடும்போது காளான் கொடுக்க வேண்டுமானால், ஆடியிலேயே வித்திட்டிருக்க வேண்டும்.

விளைச்சல் கொட்டகையில் புதியவர்கள் தண்ணீரையே கவனித்துக் காற்றை மறந்துவிடுகிறார்கள். காளானும் மூச்சு விடுகிறது. கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். ஆனால் ஈரப்பதமும் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நண்பகலில் பக்கத் திரையைத் திறந்தால் ஈரம் போய்விடும், மூடினால் காற்று நின்றுவிடும். நெடுநாள் அனுபவமுள்ள அக்கா ஒருவர் கருவியைப் பார்க்குமுன் காம்பைத்தான் பார்ப்பார். "தம்பி, காம்பு நீளுது, திரைய ஏத்துங்க" என்று அவர் சொன்னால் மறுபேச்சின்றி ஏற்றிவிடுவோம்.

குடையின் ஓரம் உட்புறமாகச் சுருண்டிருக்கும்போதே, விடியற்காலையில் கொத்தாகப் பிடித்துத் திருகி எடுக்கிறோம். காம்புத் துண்டு பையில் தங்கினால் அழுகி ஈ மொய்க்கும். ஓரம் விரிந்துவிட்டால் விலை இறங்குவதோடு, குடையிலிருந்து உதிரும் நுண்தூள் கொட்டகைக் காற்றில் நிறைந்து, நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் தரக்கூடும். ஆகவே, பறிக்கும் வேளையில் முகக்கவசம் அணியாமல் எவரும் உள்ளே நுழைய நான் இசைவதில்லை.