கை நடுங்கி கையெழுத்து மாறிப்போனால்

வைப்புத்தொகையை முடிக்க ஒரே ஒரு கையெழுத்து. அதற்குப் பாளையங்கோட்டை வங்கிக்கு மூன்று நடை. படிவம், பாஸ்புக், ஆதார் நகல் எல்லாம் சரி. அப்பாவின் கைதான் ஒத்துழைக்கவில்லை.

முதல் நடையில் எல்லாமே தப்பு. அம்பாசமுத்திரத்தில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, சந்திப்பில் இறங்கியதும் திக்காக ஒரு காப்பி, பிறகு ஒரு மணி நேரம் வரிசை. "கையெழுத்து பொருந்தலையே, பழையபடி போடுங்க" என்றார் கவுண்டரில். இரண்டாவது முதலாவதைவிட மோசம். ஐந்தாவது கோழி கிண்டின மாதிரி. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டியது தனி.

எல்லோர் கையிலும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை மெல்லிய நடுக்கம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. பயத்தில் அட்ரினலின் ஏறினால் அதுவே பெரிதாகும். பசியும் காப்பியும் சேர்ந்தால் இன்னும் கூடும். பேனாவை இறுக்கினால் அடங்கும் என்று தோன்றும். இறுக்க இறுக்கத்தான் ஆடும். அதனால் இரண்டு தடவைக்கு மேல் அங்கேயே நின்று போடாதீர்கள். பேனாவை வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள்.

இரண்டாம் நடையில் டாக்டர் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எரிச்சல்தான், ஆனால் அதனால்தான் விஷயம் பிடிபட்டது. கையை நீட்டச் சொல்லி விரல்மேல் தாளை வைத்துப் பார்த்தார் டாக்டர். சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரி. பஸ் ஏறுமுன் அப்பா இழுத்த ஆஸ்துமா இன்ஹேலர், சால்புட்டமால், அதுவும் கையை நடுங்க வைக்குமாம். அதற்காக மூச்சிரைப்போடு இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. நடுக்கத்துக்கென்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ப்ரொப்ரனலாலை மெடிக்கலில் வாங்கி ஆஸ்துமாக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழாய் சுருங்கும். சும்மா மடியில் வைத்திருக்கும்போதே ஒரு கை மட்டும் ஆடினால் அது வேறு கதை. நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாம் நடை: இட்லி சாப்பிட்டு, காப்பி இல்லாமல், கதவு திறந்ததும் உள்ளே. நின்றுகொண்டு போடவே கூடாது. நாற்காலி கேட்டு வாங்கி, முழங்கை முதல் மணிக்கட்டு வரை மேஜையில் படிய வைத்து, தடித்த பேனாவைத் தளர்வாகப் பிடித்து, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே ஒரே இழுப்பில் போடணும். மெதுவாக வரைந்தால் கோணும்.

கைநாட்டுக்கும் வழி உண்டு: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், ஒருவர் வங்கி அதிகாரி. "முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவனைக் கைநாட்டு வைக்கச் சொல்லுதாரே" என்று அப்பா எழுந்தே விட்டார். அதனால் வங்கியில் பதிவாகியிருக்கும் மாதிரிக் கையெழுத்தையே சுருக்கி மாற்றினோம்: முன்னெழுத்தும் பெயரில் மூன்றெழுத்தும்.

மாற்றுமுன் பழைய கையெழுத்தில் கொடுத்த காசோலை எதுவும் வெளியே இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஒன்று திரும்பி வந்து, அபராதமும் கட்டியாச்சு.