ட்ராஃபோர்ட் பார்க் பக்கத்தில் வாடகை வீடு பிடித்த கதை

மான்செஸ்டர் என்றதும் எல்லாருக்கும் ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானம்தான் ஞாபகம் வரும். அதை ஒட்டி, கப்பல் கால்வாய் ஓரமாக நீள்வதுதான் ட்ராஃபோர்ட் பார்க். 1896-ல் தொடங்கிய, உலகத்திலேயே முதன்முதலில் திட்டம் போட்டு உருவாக்கிய தொழிற்பேட்டை என்று சொல்வார்கள். எனக்கு அங்கே ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை, மனைவி நர்ஸ். பேட்டைக்குள்ளே தொழிலாளர்களுக்கு என்று ஒரு காலத்தில் கட்டிய வீடுகளைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள், அதனால் தேடலெல்லாம் ஸ்ட்ரெட்ஃபோர்டிலும் எர்ம்ஸ்டனிலும்தான்.

வீடு பார்க்கப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள். செங்கல் வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி நிற்கும், வெளிச்சுவர் பக்கம் பீரோ இருந்தால் அதற்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், பூஞ்சை கறுப்புப் புள்ளியாக அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரே ஒரு மூலைக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். அப்புறம், பகலில் பார்த்த தெருவை விடிகாலையிலும் போய்ப் பாருங்கள், லாரி சத்தம் அப்போதுதான் தெரியும். நாங்கள் தேடியபோது காற்று சரியான பக்கம் வீசினால் கெல்லாக்ஸ் ஆலையிலிருந்து சோளம் வறுபடும் வாசனை வந்தது, அதற்கு மட்டும் தனியாக வாடகை கொடுத்திருக்கலாம்!

வீடு பிடித்துப்போனால், அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க ஏஜென்ட் ஒரு முன்தொகை கேட்பார். அது ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. எங்களிடம் அதோடு 'அட்மின் ஃபீஸ்' என்று ஒன்றையும் சேர்த்துக் கேட்டார்கள். 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் அதற்குத் தடை, அந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டு மரியாதையாக ஒரு மெயில் அனுப்பினேன். பதிலே இல்லை, ஆனால் அடுத்த பில்லில் அந்தக் கட்டணம் காணாமல் போயிருந்தது.

விசாவைக் காட்டுவது சுலபம்: நம் விசா விவரத்தை ஏஜென்ட் ஆன்லைனில் பார்க்க உதவும் 'ஷேர் கோட்' எண்ணை அரசு தளத்தில் எடுத்து, பிறந்த தேதியோடு கொடுத்தால் போதும், 90 நாள் செல்லும். பெரிய தலைவலி கிரெடிட் ஹிஸ்டரிதான், அதாவது கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டியதற்கான பதிவு. ஊருக்குப் புதிது என்றால் அது எங்கிருந்து வரும்? ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டு என்றார்கள். (2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் அப்படிக் கேட்க முடியாது, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) கடைசியில் மனைவியோடு வேலை பார்க்கும் ஒரு கேரளத்து சேச்சி ஜாமீன் கையெழுத்துப் போட்டார், இல்லாவிட்டால் அந்த வீடும் கை நழுவியிருக்கும்.

டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை. மாத வாடகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் ஒரு வாரக் கணக்கு வரும், மாதம் 1,100 பவுண்டு என்றால் ஐந்து வாரத்துக்கு 1,269. கட்டிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து உங்களுக்கு விவரம் தர வேண்டும், தராவிட்டால் கேளுங்கள். குடிபோகும் அன்று, வீட்டில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் (இன்வென்டரி) வரும், அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்ட முக்கோணத் தழும்பு ஒன்று இருந்தது, அவர்கள் பட்டியலில் 'நல்ல நிலை'. படம் எடுத்து அன்றைக்கே மெயிலில் அனுப்பினேன். கேஸ், கரண்ட் மீட்டரையும் சாவி கைக்கு வந்த உடனே படம் எடுத்து கம்பெனிக்கு ரீடிங் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முன்பு குடியிருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில்தான் விழும்.