விறைப்பு ஊசியும் காலைக் குளிசையும்

"பிள்ளை, பிரஷர் இருக்கிற ஆக்களுக்கு இந்த ஊசி போட்டா நெஞ்சடைக்கும் எண்டு சொல்லுகினம். மெய்யே?"

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அம்மா கதிரையில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட்டார். ஒரு கையில் செபமாலை, மடியில் சொப்பிங் பை, அதற்குள் ஓரம் மடிந்த கிளினிக் கொப்பி. கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று இரவாக அவரைத் தூங்க விடவில்லை. பிரஷர் பார்த்தேன்: 172க்கு 104.

கொப்பியில் பிரஷர் குளிசைகளான லொசார்டனும் அம்லோடிபினும் எழுதியிருந்தது. "இண்டைக்குக் காலமை குளிசை போட்டீங்களா அம்மா?"

"இல்லைப் பிள்ளை. பல்லுப் பிடுங்கிறதெண்டு வெறும் வயித்தோட வந்தனான்."

வெள்ளவத்தையில் பல் வைத்தியராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. பெரிய ஒபரேஷனுக்குப் போவதுபோல நினைத்துப் பட்டினி கிடக்கிறார்கள், குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். பல்லுக்குப் போடும் விறைப்பு ஊசிக்குப் பட்டினி தேவையே இல்லை. ஊசியைவிட இந்த விடுபட்ட குளிசைதான் எனக்குக் கவலை தருகிறது.

ஊசியைப் பற்றிய பயம் அதிலுள்ள, நெஞ்சைப் படபடக்க வைக்கக்கூடிய அட்ரினலினால் வருவது. நாங்கள் வழக்கமாகப் போடுவது விறைக்க வைக்கும் மருந்தான 2 வீத லிக்னொகேயின், 80,000க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் சேர்த்தது. 2.2 மில்லிலீற்றர் குழாய் ஒன்றில் இருக்கும் அட்ரினலின் 27.5 மைக்ரோகிராம். கடும் ஒவ்வாமையில் உயிரைக் காக்கத் தசையில் ஏற்றுவது 500 மைக்ரோகிராம். இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு தடவையில் 40 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அந்தச் சிறு அளவு அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தைப் பல்லடியிலேயே பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் பல்லின் விறைப்பு சீக்கிரமே விட்டுவிடும்.

அப்படி விட்டுப்போனதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரஷர் உள்ள ஒரு ஐயாவுக்குப் பயத்தில் அட்ரினலின் இல்லாத ஊசியைப் போட்டேன். வேர் பாதி அசைந்த நேரம் அவருக்கு நோவு தெரிந்தது. கதிரைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த அவருடைய விரல் மொளிகள் வெளுத்துப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. பிரஷர் 200ஐத் தாண்டியிருந்தது. நான் ஊசியில் தவிர்த்த அட்ரினலினை அவருடைய உடம்பே சுரந்திருக்கிறது, அதுவும் நான் கொடுத்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. பிரஷர்காரருக்கு அரைகுறை விறைப்பு ஆகாது என்பதை அவருடைய வேதனையில்தான் படித்தேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கும் புரொப்ரனொலோல் எடுப்பவர்களுக்கு அட்ரினலின் பிரஷரைச் சட்டென்று ஏற்றி நாடித்துடிப்பைக் குறைத்துவிடலாம், அவர்களிடம் அளவில் இன்னும் கவனம். மருந்தைத் தள்ளுமுன் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பேன். இரத்தம் வந்தால் இடத்தை மாற்ற வேண்டும். இரத்தக் குழாய்க்குள் மருந்து போனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், நோயாளி மாரடைப்பென்றே நினைத்துவிடுவார். பிரஷர் 180க்கு 110 அல்லது அதற்கு மேல் என்றால், அவசரமில்லாத பல்லைத் தொடாமல் வைத்தியருக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிடுவேன்.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். குளிசை பையிலேயே இருந்தது. பிஸ்கட் சாப்பிடச் சொல்லி அதைப் போட வைத்தேன். அது உடனே வேலை செய்யாது என்று தெரியும். ஆனாலும் ஃபானுக்குக் கீழே அரை மணி நேரம் அமைதியாக இருந்த பிறகு பார்த்தால் 158க்கு 94. பயமும் கொஞ்சம் இறங்கியிருந்தது போலும். ஒரே குழாயை ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்து மெதுவாகச் செலுத்தினேன். செபமாலை மணிகள் ஒவ்வொன்றாக அவர் விரலுக்குள் நகர்ந்தன. பல் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, தலை சுற்றாமல் இருக்க மெதுவாக எழுப்பி உட்கார வைத்தேன். நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும், பிரஷரை ஏற்றக்கூடிய டைக்லோபெனாக் வேண்டாம் என்றேன். அப்புறம் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "பல் வைத்தியரிடம் வரும் நாளிலும் காலைக் குளிசை போடவும்."

பஞ்சைக் கடித்தபடியே, அதை உரக்க வாசித்துக் காட்டும்படி கையால் சைகை செய்தார். வாசித்தேன்.