டாக்டர் முன்னால் மட்டும் நன்றாகப் பேசும் அப்பா: முதுமை மறதிப் பரிசோதனைக்குப் போகுமுன்

வீட்டில் பத்து நிமிடத்துக்குள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்பவர், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஜம்மென்று பேசுவார். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்றால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். வாய்ப்பழக்கமும் மரியாதைப் பேச்சும் சீக்கிரம் போகாது. மூளையில் புதுச் செய்தியைப் பிடித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ்தான், முதுமை மறதிக்கு முக்கியக் காரணமான அல்ஸைமர் நோயில் முதலில் அடிவாங்கும் பகுதிகளில் ஒன்று. அதனால் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகுமுன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'மறதி அதிகம்' என்று எழுதினால் பயனில்லை. 'சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டார். மின்தூக்கியில் ஏறி எந்த மாடி என்று தெரியாமல் நின்றார்' என்று தேதியோடு எழுதுங்கள். அதை அவர் காதுபட வாசிக்காமல் தாதியிடம் கொடுத்துவிடுங்கள்.

கூடவே, வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்த சூரணமும் அதில் இருக்கட்டும். தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரை, சிறுநீர் அடக்கத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் நினைவுக்குத் தேவையான அசெட்டில்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுப்பவை. வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் பி12-உம் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. காலங்காலமாகச் சைவம், நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்று இரண்டும் சேர்ந்தால் பி12 குறைய வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் இந்தச் சேர்க்கை ஒன்றும் அபூர்வமில்லை. அது ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய குறை.

நினைவாற்றல் நிபுணரிடம் பலதுறை மருந்தகம் எழுதிக் கொடுக்கும் பரிந்துரையோடு போனால் மானியக் கட்டணம். அவசரப்பட்டு நேரே தனியார் நிபுணரிடம் போனால் அது கிடைக்காது. பலர் இதைப் பில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது அடுத்த கட்டத்தில். மோகா என்ற நினைவாற்றல் சோதனைக்கு மொத்தம் 30 புள்ளி. ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். நோய் உள்ளவர் பெரிய முள்ளைப் 'பத்து' என்ற எண்ணிலேயே கொண்டுபோய் வைப்பதுண்டு. பத்து நிமிடம் என்றால் அது 2-ல் நிற்க வேண்டும் என்ற கணக்கு நழுவிவிடும். இந்தச் சோதனையை ஆங்கிலத்தில் வைத்து மருமகள் மொழிபெயர்த்தால் வரும் புள்ளியை நம்ப முடியாது. அத்தை தடுமாறினால் நம்மையறியாமல் ஜாடை காட்டிவிடுவோம். அல்லது தமிழில் புழங்காத சொல்லைக் கொடுத்துவிட்டு, அவர் மறந்தார் என்று கணக்குப் போடுவோம். மோகாவுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. நேரம் வாங்கும்போதே தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை வகுப்பு படித்தார் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். படிப்பு குறைவென்றால் 1 புள்ளி கூட்டுவார்கள். கண்ணாடி, காது கருவி மறக்கக் கூடாது. காது கேட்காதவருக்கு மறதி என்று எழுதிவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

மருந்து என்று வந்தால் பெரும்பாலும் டொனெபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கும். ஒத்துக்கொண்டால் 4 முதல் 6 வாரத்தில் 10. நோயை இது நிறுத்தாது. மிச்சமிருக்கும் அசெட்டில்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கும், அவ்வளவுதான். குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். ராத்திரி போட்டுக் கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்து ஒட்டு. இதில் ஆபத்தான தவறு, பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டுவது. முதுகில் இருப்பதைப் பார்க்காமல் காலையில் மகளும் மாலையில் பணிப்பெண்ணும் தனித்தனியே ஒட்டினால் இரட்டை அளவு உடம்பில் ஏறும். வாந்தி, மருத்துவமனை என்று முடியும். ஒட்டிலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்ட வேண்டாம்.

"குணமாக்கும் மருந்து வந்துவிட்டதாமே?" என்று வாட்ஸ்அப்பில் வரும். வரவில்லை. 1906-ல் அலோய்ஸ் அல்ஸைமர் விவரித்த அமிலாய்ட் என்ற புரதப் படிவுகளைக் கரைக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. லெக்கனெமாபுக்கு அமெரிக்கா 2023-லும், டோனனெமாபுக்கு 2024-லும் அனுமதி தந்தது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில் லெக்கனெமாப் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45. மருந்து எடுத்தவர்களும் சரிந்தார்கள், கொஞ்சம் மெதுவாக. மூளை வீக்கமோ நுண்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கும், ஏபிஓஇ4 என்ற மரபணு வகை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக உள்ளவருக்கும் அபாயம் கூடுதல். ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டுமே இது. அதுவும் மூளையில் அமிலாய்ட் இருப்பது சோதனையில் உறுதியான பிறகுதான். 'வயசானா மறதி சகஜம்' என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் இதைக் கேட்கும் கட்டமே தாண்டிவிடும்.

அதே ஆரம்பக் கட்டத்தில்தான் எல்பிஏ பத்திரமும். பின்னால் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுப்பது என்று எழுதிவைக்கும் பத்திரம் அது. நோய் என்று எழுதிவிட்டதாலேயே கையெழுத்துப் போடும் தகுதி போய்விடாது; புரிந்து முடிவெடுக்க முடிகிறதா என்பதே கேள்வி. படிவத்தை சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக நிரப்ப வேண்டும். அப்பாவின் சிங்பாஸ் எப்போதோ மாற்றிய கைப்பேசி எண்ணில் கிடக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட டாக்டரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ சான்றளிக்க வேண்டும். தமிழில் விளக்கக்கூடியவரைத் தேடுங்கள். பிள்ளைகளை வெளியே இருக்கச் சொன்னால் கோபிக்காதீர்கள், யாரும் வற்புறுத்தவில்லை என்று பார்க்கத்தான். இதைத் தவறவிட்டால் வங்கிக் கணக்கு, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, காணாமல் போவது. டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் காரா செயலியில் படத்தோடு பதிந்து வையுங்கள். தேடும்போது வீட்டுக் கீழ்த்தளத்தை மட்டும் சுற்றாதீர்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அந்தப் பக்கம்தான் பஸ் ஏறுவார். போலீசில் சொல்ல 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.