புளியந்தீவில் 1638ஐத் தேடி

அக்காவின் மகன் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கோல் எடுத்திருந்தான். "மாமா, பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு, போர்த்துக்கேயர்ட்ட இருந்து நம்மட கோட்டையப் பிடிச்ச 1638 சண்டைய எழுதுறன். கோட்டையில வந்து நிண்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்க." சரித்திர நாடகம் என்றால் எனக்குச் சாப்பாடு தேவையில்லை. அன்று இரவே வவுனியாவில் பஸ் ஏறினேன். ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை எல்லாம் தூக்கத்தில் போய்விட்டன. கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தது.

அன்று மாலை அக்காவின் மாமி தொலைக்காட்சியில் சோழர் காலத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்மனை மடைப்பள்ளியில் பெண்கள் உரலில் சிவப்பாக எதையோ இடித்தார்கள். மாமியின் மடியிலும் ஒரு சுளகு நிறைய அதேதான், காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இது என்ன மனே, அந்தக் காலத்திலயும் கொச்சிக்கா இருந்திச்சா?"

இருக்கவில்லை. மிளகாயின் தாய்நாடு அமெரிக்கா. நம் பக்கத்துக்குப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது அது. ராஜராஜன் காலத்துச் சமையலுக்கு உறைப்புத் தந்தது மிளகு. மிளகுபோல உறைக்கும் காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயரே வந்தது. கொச்சிக்காய் என்ற மட்டக்களப்புச் சொல்லில் கொச்சி என்ற துறைமுகத்தின் பெயர் இருக்கிறது. அடுத்த காட்சியில் அரசன் "சாவியைக் கொண்டு வா" என்றான். சாவியும் போர்த்துக்கேயச் சொல். ஜன்னல், அலுமாரி, மேசை, கதிரை, சப்பாத்து எல்லாமே அந்தக் கப்பல்களில் வந்தவை. திறவுகோல் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, பத்தாம் நூற்றாண்டு அரசன் வாயில் சாவியை வைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கவசம் தைக்கவும் மாளிகை கட்டவும் அவ்வளவு செலவழிக்கிறவர்கள், வசனத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளக் கூடாதா?

மறுநாள் காலை புளியந்தீவில் இருக்கும் மட்டக்களப்புக் கோட்டை. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலைக்கும் நான்கு கொத்தளம். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். ஆனால் இன்று நிற்பதில் பெரும்பகுதி பிறகு ஒல்லாந்தர் எழுப்பியது. அதை மருமகனுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். 1638 காட்சிக்குப் பின்னால் இந்த மதிலின் படத்தை அப்படியே தொங்கவிட்டால், தோற்றவர்களை வென்றவர்களின் வீட்டுக்குள் நிறுத்தியதாகிவிடும்.

கொத்தளத்தில் நிழல் விழுந்த பக்கமாக உட்கார்ந்து பிரதியைத் திறந்தான். முதற் காட்சி: கொட்டும் மழை. சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் கத்தி செருகி, சுட்டுக்கொண்டே ஓடி வருகிறார்கள்.

"எந்த மாசமடா?"

"மே."

கேட்ட உடனே அவனுக்கே விளங்கிவிட்டது. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு மே மாத வெயிலை நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மாரி கொட்டுவது கார்த்திகை மார்கழியில். மழையில் அந்தத் துப்பாக்கியால் சுடவும் முடியாது. அன்றைக்குப் பெரும்பாலான சிப்பாய்களின் கையில் இருந்தது திரித்துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்த கயிறு ஒன்று கனன்றபடியே இருக்க வேண்டும். விசையை இழுத்தால் கயிற்றின் நெருப்பு மருந்துக் கிண்ணத்தில் போய்த் தொடும். கயிறு நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. ஒரு வெடி தீர்ந்தால் நின்று, மருந்து போட்டு, குண்டு போட்டு, இடித்து, திரியை ஊதி, மறுபடி குறி பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே சுடுகிற கதை இதில் நடக்காது. முனையில் செருகும் கத்தி போர்க்களத்துக்கு வந்தது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான்.

மருமகன் தன் சப்பாத்து நாடாவைக் கழற்றி இடது கை விரல்களுக்கு இடையில் சுற்றிக்கொண்டான். வலது கையில் துப்பாக்கிக்குப் பதில் குடை. மருந்துப் பையை எந்தக் கையால் எடுப்பது? நெருப்பு பைக்குக் கிட்டப் போகாமல் எப்படித் திரும்புவது? மூன்று தரம் செய்து பார்த்தான். மூன்றாம் தரம் அவன் முகத்தில் உண்மையாகவே ஒரு பயம் தெரிந்தது. அவன் எழுதியிருந்த வீர வசனம் ஒன்றிலும் அந்தப் பயம் இல்லை.

கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் கோழையல்ல. அதே ஆண்டு மார்ச் 28இல் கண்டிக்குப் பக்கத்துக் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை ஏறத்தாழ முற்றாக அழித்தவன். அவர்களின் தளபதி தியோகு த மெலோ அங்கேயே செத்தான். ஆனால் கரையோரக் கோட்டைகளுக்குக் கடலால் உதவி வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க அரசனிடம் கப்பல் இல்லை. அதற்காகத்தான் ஒல்லாந்தரை அழைத்தான். அவர்களின் தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்து பீரங்கிகளைக் கரையிறக்கினான். மே 18இல் கோட்டை பணிந்தது.

எல்லாத் தொடர்களும் இந்த இடத்தில் கொடி ஏற்றி, சங்கு ஊதி முடித்துவிடும். மருமகனின் பிரதியும் அப்படித்தான் முடிந்தது. எனக்கோ நாடகம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஐந்து நாள் கழித்து, மே 23இல், இதே மட்டக்களப்பில் அரசனும் வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது பற்றி அதில் மூன்றாம் பிரிவு பேசுகிறது. அரசனிடம் இருந்த பிரதியில் "அரசர் விரும்பினால்" என்று ஒரு நிபந்தனை. ஒல்லாந்தப் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. 1640இல் காலியும் நீர்கொழும்பும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன, அரசன் கைக்குப் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினதுபோல என்று சிங்களத்தில் ஒரு பழமொழியே அதனால் நிலைத்தது. போர்த்துக்கேயம் சரளமாகப் பேசத் தெரிந்த அரசன் அவன். அவனுக்கு நடந்ததை நினைக்க இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பின்னேரம் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்குக் கூத்துப் பழக்கம் பார்க்கப் போனோம். வடமோடிப் பாணிக் கூத்து, பாரதக் கதை. அருச்சுனன் வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு மேசன். கையில் வில்லும் இல்லை, ஒரு கம்புத் துண்டு. துவாபர யுகத்து ஆயுதம் எது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. ஆனால் மத்தளம் ஏற, அருச்சுனன் ஒரு மிதியைத் தவறவிட்டதும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கையிலிருந்த சல்லரித் தாளத்தை நிறுத்திவிட்டார். "காலப் பாருங்க தம்பி. ஆட்டம் பிழைச்சா அருச்சுனன் இல்ல." திரும்ப முதலிலிருந்து. நான் எண்ணியவரை ஏழு தரம். களரியில் எது பிழைக்கக் கூடாதென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. உண்மைச் சம்பவம் என்று எழுத்தோட்டத்தில் போட்டுக்கொள்கிற தொடர்களிடம் நான் கேட்பது அந்த நிறுத்தத்தைத்தான்.

இரவு கல்லடிப் பாலத்தால் திரும்பி வரும்போது மருமகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரதியை எடுத்து மழையை வெட்டினான். ஓட்டத்தை வெட்டினான். கொடியேற்றத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் வெட்டினான். கடைசிக் காட்சிக்கு மேடையில் என்ன வேண்டும் என்று பக்கத்து ஓரத்தில் புதிதாக எழுதினான்: ஒரு மேசை, இரண்டு கதிரை, இரண்டு தாள்.

"மாமா, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில சத்தமா வாசிச்சா, அந்த இடம் வரக்குள்ள ஒருத்தர்ட குரல் மட்டும் கேக்கும், என்ன?"

மாமி சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு, "வாசி மனே, கேப்பம்" என்றார்.