கருந்துளை மோதலும் நாலரை மணி மெயின் சுவிச்சும்

கணினியில் மோதவிட்ட கருந்துளை இரண்டும் ஒருவழியாக ஒன்றாகிவிட்டன. ஏழு வேலைநாளில் முடியவேண்டியது பத்து நாள் இழுத்தது. பிழை ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இல்லை. பாதி கிளிநொச்சி ஆய்வுகூடமொன்றின் மெயின் சுவிச்சில், மீதி ஒரே ஒரு வரியில்.

ஓட்டியது ஐன்ஸ்டைன் டூல்கிட் என்ற இலவச மென்பொருளின் ஜிடபிள்யூ150914 மாதிரி. 2015 செப்டெம்பர் 14 இல் லைகோ ஈர்ப்பலை உணரிகள் பிடித்த அதே கருந்துளைச் சோடி, 36 உம் 29 உம் சூரியத் திணிவு. தரவிறக்கமும் கொம்பைலும் ஒரு இரவு வேலை. ஜிஎஸ்எல், எச்டிஎஃப்5 என்ற நிரல் நூலகங்கள் இரண்டையும் முதலே போட்டுவையுங்கள்.

முதல் அடி றாமில். அந்த மாதிரிக்கு 98 ஜிபி, 128 கோர், 2.8 நாள் தேவை. இங்கே இருந்தது 32 ஜிபி, 16 கோர். வெளியைப் புள்ளிகளாகப் பிரிக்கும் வலையின் இடைவெளியை 1.5 மடங்காக்கினால் நினைவகம் அதன் மும்மடியில் குறைந்து 29 ஜிபி ஆகும் என்று கடதாசிக் கணக்கு சொல்லும். நம்பாதீர்கள். கருந்துளைகளைச் சுற்றியுள்ள நுண்வலைப் பெட்டிகளின் ஓரப் புள்ளிகள் அதே அளவுக்குக் குறையாது. றாம் நிரம்பி, ஓட்டம் டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்புக்குள் விழுந்து நகரவே நகராது. 1.75 மடங்கில்தான் அடங்கியது. நேரம் நான்மடியில் குறைவதால் மொத்தம் 58 மணி.

பொறுப்பாளர் பின்னேரம் நாலரைக்கு மெயினை நிற்பாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கடிதம் கொடுத்தால் "மேலிடத்துக் கையெழுத்து வேணும்" என்றார்; கையெழுத்து வைக்கிறவர் லீவு. ஆக நாளுக்கு எட்டரை மணிதான். மணிக்கொருமுறை செக்பொயின்ட், அதாவது அந்த நேரத்து நிலையின் முழுப் பிரதி, எழுதச் சொல்லி, காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஏற்பாடு.

நாலாம் நாள் காலை பார்த்தால் ஓட்டத்தின் நேரம் மறுபடி பூச்சியம்! மூன்று நாளும் அப்படியேதான் தொடங்கியிருக்கிறது. செக்பொயின்ட் எழுதும் கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு மாற்றியாயிற்று, மீட்கும் கோப்புறையை மாற்றவில்லை. மீட்பு அமைப்பு 'ஓட்டோபுரோப்' என்று இருந்தால், கோப்பு கிடைக்காவிட்டாலும் சத்தமில்லாமல் ஆரம்பத்திலிருந்து ஓடும். முதல் ஓட்டத்துக்கு மட்டும் அதை வையுங்கள், பிறகு 'ஓட்டோ'. கோப்பு இல்லையென்றால் அது கத்திக்கொண்டு நிற்கும், அதுதான் வேண்டும். கடைசி இரண்டு செக்பொயின்டையாவது அழியவிடாதீர்கள்.

ஓட்டத்திலிருந்து வருவது நேரடி ஈர்ப்பலையல்ல, சை4, அதாவது அந்த அலையின் இரண்டாம் நேர வகையீடு. நேரத்தில் இருமுறை தொகையிட்டால் வளைவு மேலே இழுபட்டுப் போகும். தாழ் அதிர்வெண்களை ஒரு நிலையான எல்லையில் அடக்கும் நிலை அதிர்வெண் முறையில் தொகையிடுங்கள். தொடக்க நிலை துல்லியமில்லாததால் முதலில் வரும் குப்பைக் கதிர்வீச்சை வெட்டுங்கள். நேரம் வருவது எம் என்ற அலகில், அது மொத்தத் திணிவைப் பொறுத்தது; 65 சூரியத் திணிவுக்கு ஒரு எம் என்பது 0.32 மில்லிசெக்கன். மூல மாதிரியில் இணைவு வரை 899 எம், அதாவது 0.29 செக்கன். இதற்குத்தான் பத்து நாள்.

ஒப்பிட, எஸ்எக்ஸ்எஸ் என்ற ஆய்வுக் குழுவின் கணினி அலைவடிவப் பட்டியலில் 0305 ஆம் அலைவடிவம் இலவசமாகக் கிடைக்கும். பருமனான வலையில் இணைவு நேரம் விலகும் என்பதால் உச்சங்களைப் பொருத்தி வைத்துப் பாருங்கள், தொடக்கத்தை அல்ல.